அளவுக்கட்டையைத் தலைகீழாகப் பிடித்தவள்

நான்காம் வருஷம் முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. கட்டடப் பொறியியல் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் மனுப் போட்டவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். தலைகீழ் மட்டும் காலை எட்டு மணிக்கே பெண்கள் விடுதிக்குப் பின்னால் வெட்டியிருந்த பள்ளத்தின் ஓரத்தில், முட்டி வரை சேற்றோடு உட்கார்ந்து, ஒரு நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

இது என்ன பேர் என்று கேட்பீர்கள். முதல் வருஷத்தில் விழுந்த பேர். வாசல் காவலாளியிலிருந்து கேன்டீனில் தேநீர் ஊற்றுகிறவர் வரைக்கும் அவள் தலைகீழ்தான். விழுந்த கதையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது, சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலில் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிடுவோம் கண்ணுகளா, ஏனென்றால் அதை மூட மூன்று மணி நேரம்தான் பாக்கி.

நாற்பது தப்படி நீளம். விடுதியின் குளியலறைப் பக்கத்தில் ஆரம்பித்து தெருவில் இருக்கிற பெரிய சாக்கடை வரைக்கும் நேராகப் போகிறது. உள்ளே கழிவுநீர்க் குழாய் பதித்தாகிவிட்டது. இரண்டு முனையிலும் நடுவிலும் ஆள் இறங்குகிற மாதிரி மூன்று தொட்டி கட்டியாகிவிட்டது. பதினோரு மணிக்குக் காங்கிரீட் லாரி வரும். குழாயைச் சுற்றிக் கலவையைக் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் அதைத் தோண்ட வேண்டுமென்றால் கடப்பாரையும் கண்ணீரும்தான்.

தலைகீழின் கடைசி வருஷ ப்ராஜெக்ட், கல்லூரியில் இருக்கிற ஒவ்வொரு வாய்க்காலும் எந்தப் பக்கம் எவ்வளவு சரிகிறது என்று அளந்து படம் போடுவது. நேற்றுச் சாயங்காலம்தான் அவளும் அவளுடைய அறைத்தோழி கண்ணாடியும் இந்தக் குழாயை அளந்தார்கள். வந்த விடையை நம்பாமல் இன்றைக்கு விடிந்ததும் மறுபடி அளந்தார்கள். அதே விடை. குழாய் தெருப் பக்கம் சரியவில்லை, விடுதிப் பக்கம் சரிகிறது. ஒரு சாண் அளவுக்கு.

"இன்னொரு தடவை பாத்துடலாமா?" என்றாள் கண்ணாடி. முட்டை முட்டையாக மூக்குக்கண்ணாடி போட்டவள் என்பதால் அந்தப் பேர்.

"எத்தனை தடவை பாத்தாலும் அதேதான்டி வரும். தண்ணி தெருவுக்குப் போகாது. நேரா நம்ம பழைய ரூமுக்கு வரும்."

பழைய ரூம் என்று அவள் சொன்னது தரைத்தளத்தில் இருக்கிற ஒன்றாம் நம்பர் அறை. புதிதாக வருகிற பிள்ளைகளைத் தரைத்தளத்தில்தான் போடுவார்கள். முதல் வருஷம் இவள் வந்து இறங்கியபோது ஒரு தகரப் பெட்டியும், அந்தப் பெட்டியைவிடக் கனமான ஒரு பூட்டும் கொண்டுவந்திருந்தாள். பூட்டு அவள் அப்பாவுடைய கடைக் கதவில் தொங்கியது. "பொண்ணு பத்திரமோ இல்லையோ, பெட்டி பத்திரம்" என்று மாடியில் இருந்த அக்காமார்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

மூன்றாவது வாரம் பழைய சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்தது. நடைவழியெல்லாம் கணுக்கால் தண்ணீர். பதினாறு அறைச் செருப்பும் ஊர்வலமாக மிதந்து போயிற்று. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓட, இவள் மட்டும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நாற்றத்துக்காக அல்ல. அன்று காலையில் போர்வை துவைக்கிறேன் என்று ஒரு பாக்கெட் சோப்புத்தூளை முழுசாகக் கொட்டியிருந்தாள். வீட்டில் அம்மா கையால் துவைத்தே பழக்கம், அளவு எங்கே தெரியும்? கல்லூரிச் சாக்கடையையே தான்தான் அடைத்துவிட்டோம், இனி நம்மைத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள் பைத்தியக்காரி. உட்கார்ந்து விடுதி வார்டனுக்கு மூன்று பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதினாள். "மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு, இந்த வெள்ளத்திற்கு முழுப் பொறுப்பும் நான்தான்" என்று ஆரம்பித்து, சோப்பின் பேர், பாக்கெட்டின் எடை, போர்வையின் நிறம் வரைக்கும் விடாமல் எழுதியிருந்தாள். வார்டன் அதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்துவிட்டு, சிரிப்பில் கண்ணைத் துடைத்தபடி, "இருபது வருஷமா இந்தச் சாக்கடை எதிர்க்குது, முதல் தடவையா ஒருத்தி மன்னிப்புக் கேட்டிருக்கா" என்று சொல்லி அவள் தட்டில் தன் கையால் இன்னொரு கரண்டி சோறு போட்டார். அவமானத்தில் குனிந்த தலை நிமிரவில்லை, ஆனாலும் அந்த இரண்டாவது கரண்டியை விடாமல் சாப்பிட்டாள்.

அந்தச் சாக்கடைக்குத்தான் விமோசனமாக இந்தப் புதுக் குழாய். அதுவும் தலைகீழாகப் போனால்?

எட்டரை மணிக்கு மேஸ்திரி வந்தார். ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில், தோளில் துண்டு. இரண்டு மாதமாக இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறவர்.

"என்ன தலைகீழு, காலங்காத்தாலயே குழிக்குள்ள குடித்தனமா?"

"அண்ணே, லாரியை நிறுத்தச் சொல்லுங்க. குழாய் ஏறுமுகமா இருக்கு."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, முப்பது வருஷமா மட்டம் பாக்கறேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் பள்ளம் வெட்டினவன். புது மிஷின் வெச்சுப் பாத்திருக்கு. இந்தா, நோட்டைப் பாரு."

சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். ஐந்து வரி, மீட்டர் கணக்கில். விடுதி முனையில் ஒன்று இருபது, அப்புறம் ஒன்று இருபத்தைந்து, ஒன்று முப்பது, ஒன்று முப்பத்தைந்து, தெரு முனையில் ஒன்று நாற்பது. மட்டக் கருவி வழியாகத் தூரத்து அளவுக்கட்டையைப் பார்க்கிறபோது எண் பெரிசாகப் பெரிசாகத் தரை தாழ்கிறது என்று அர்த்தம். அவர் நோட்டுப்படி குழாய் தெருப் பக்கம் அழகாகச் சரிகிறது.

அவளுடைய நோட்டில் அதே ஐந்து இடம். ஒன்று அறுபது, ஒன்று ஐம்பத்தைந்து, ஒன்று ஐம்பது, ஒன்று நாற்பத்தைந்து, ஒன்று நாற்பது.

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள். இந்த எண்களை அவள் பார்த்திருக்கிறாள். இதே எண்களை அல்ல, இதே ஜாடையை. சொந்தக்காரர் மூக்கை அடுத்த வீட்டுக் குழந்தை முகத்தில் பார்த்த மாதிரி.

இப்போது அந்தப் பேர் விழுந்த கதை.

முதல் வருஷம், முதல் வெளிவேலை. நிலத்தை அளக்க இரண்டு சாமான் வேண்டும். ஒன்று முக்காலியில் நிற்கிற மட்டக் கருவி, ஒருத்தர் அதற்குள் கண்ணை வைத்துப் பார்ப்பார். இன்னொன்று மூன்று மீட்டர் உயரமான எண் போட்ட கட்டை, இன்னொருத்தர் அதைத் தூரத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஸ்டாஃப் என்பார்கள் படித்தவர்கள், பிள்ளைகளுக்கு அது கட்டைதான். கல்லூரியில் இருந்தது தாத்தா காலத்துக் கருவி. அதற்குள் பார்த்தால் உலகமே குப்புறத் தெரியும். அதனால் கட்டையில் எண்களைத் தலைகீழாக எழுதி வைத்திருப்பார்கள், கருவிக்குள் பார்க்கிறபோது எண் நேராகத் தெரியட்டும் என்று. இந்த ரகசியத்தை வகுப்பில் சொன்ன அன்றைக்கு நம்ம பெண் எங்கே இருந்தாள்? பெஞ்சுக்கு அடியில்.

அதற்கும் காரணம் உண்டு. வகுப்பறையில் ஒருத்தர் ஸ்டூல் போட்டு ஏறி, சட்டைக் கையை மடித்துவிட்டு மின்விசிறியை முடுக்கிக்கொண்டிருந்தார். இவள் உள்ளே நுழைந்தவள், "அண்ணா, இதை முடிச்சிட்டு அப்படியே எங்க ரூம் ஃபேனையும் பாத்துடுங்க, லொட லொடன்னு ஒரே சத்தம்" என்றாள். அவரும் "சரிம்மா, எந்த ரூம்?" என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் ஸ்டூலிலிருந்து இறங்கினார், கையைத் துடைத்தார், சாக்பீஸை எடுத்தார், பாடம் நடத்த ஆரம்பித்தார். துறைத்தலைவர்! இவள் பேனா விழுந்துவிட்ட சாக்கில் பெஞ்சுக்கு அடியில் போனவள், மணி அடிக்கிற வரைக்கும் பேனாவைத் தேடிக்கொண்டே இருந்தாள். அவர் பாடத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அன்று சாயங்காலம் ஒன்றாம் நம்பர் அறைக்கு மின்விசிறி பார்க்க நிஜமான எலக்ட்ரீஷியன் வந்தார்.

ஆக, ரகசியம் தெரியாமலே மைதானத்துக்குப் போனாள். கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால் எண்ணெல்லாம் குப்புற இருக்கிறது. "யாரோ அரைத்தூக்கத்துல பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்று தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு, கட்டையைத் திருப்பிப் போட்டாள். அடியில் பித்தளைப் பூண் போட்ட பக்கம் வானத்தைப் பார்க்க, மொட்டைப் பக்கம் தரையைத் தொட, வெயிலில் மூன்று மணி நேரம் கொடிக்கம்பம் மாதிரி நின்றாள். கருவிக்குள் பார்த்த கண்ணாடியோ, தன் கண்தான் மோசம் என்று நினைத்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து எண்ணைப் படித்து எழுதிக்கொண்டாள். அப்படி ஒரு ஜோடி.

திங்கட்கிழமை அந்த எண்களை வைத்து அவர்கள் போட்ட படத்தைத் துறைத்தலைவர் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார். கல்லூரிக் குளம் குன்றின் உச்சியில் இருந்தது.

"இந்தத் தண்ணி ஏன் கீழ ஓடி வரலை? பயந்துக்கிட்டு அங்கயே நிக்குதா?"

வகுப்பு வெடித்தது. பேரும் விழுந்தது. சிவப்பு மையில் முட்டையும் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை இருவரும் தனியாகப் போய், கட்டையைச் சரியாகப் பிடித்து மறுபடி அளந்தார்கள். பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்த வேடிக்கை பிடிபட்டது. ஒவ்வொரு வரியிலும் இரண்டையும் கூட்டினால் ஒரே தொகை வந்தது, மாறவே இல்லை. கட்டை குப்புற நின்றால் மேடெல்லாம் பள்ளமாகும், பள்ளமெல்லாம் மேடாகும், எவ்வளவு என்கிற வித்தியாசம் மட்டும் மாறாது. அன்றைக்கே சாமான் அறைக்குப் போய், "கட்டையில மேல் பக்கம்னு ஒரு அம்புக்குறி போட்டு வைங்களேன்" என்று கேட்டாள். சாமான் அறைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்து, "இதுகூடத் தெரியாதவங்க எதுக்கும்மா இந்தப் படிப்புக்கு வரணும்?" என்றார். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. தொண்டையில் சிக்கிய முள்ளாக அது நாலு வருஷம் அங்கேயே இருந்தது.

இப்போது பள்ளத்து ஓரத்தில் அவள் விரல் விட்டுக் கூட்டினாள். ஒன்று இருபதும் ஒன்று அறுபதும் இரண்டு எண்பது. ஒன்று இருபத்தைந்தும் ஒன்று ஐம்பத்தைந்தும் இரண்டு எண்பது. ஐந்து வரியும் இரண்டு எண்பது.

"அண்ணே, நீங்க எந்தக் கட்டையை வெச்சு அளந்தீங்க?"

"எங்க கட்டை உடைஞ்சு போச்சுன்னு உங்க டிபார்ட்மென்ட்லதான் ஒண்ணு வாங்கிட்டு வந்தோம். அதோ கிடக்கு."

சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது, பழைய சிநேகிதம். ஓரத்தில் அவள் முதல் வருஷம் கீழே போட்டதால் விழுந்த வெட்டுக்கூட அப்படியே இருந்தது. பித்தளைப் பூண் புதுசு மாதிரிப் பளபளத்தது. மொட்டைப் பக்கத்தில்தான் அப்பியிருந்தது சேறு.

பத்து மணிக்கு ஒப்பந்தக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, காதோடு ஒட்டிய செல்போன். கண்ணாடி ஓடிப்போய்த் துறைத்தலைவரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். தலைகீழ் பள்ளத்துக்குள் இறங்கி, நடுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். லாரி வந்தாலும் தன்மேல்தான் கொட்ட வேண்டும் என்கிற மாதிரி.

"யாரும்மா நீ? மேல ஏறு. வேலை நடக்கற இடம்."

"வேலை தப்பா நடந்த இடம் சார். குழாய் விடுதிப் பக்கம் சரியுது."

ஒப்பந்தக்காரர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சங்கடமாகச் சிரித்து, "அது தலைகீழுங்க. காலேஜ் பொண்ணு. முதல் வருஷத்துல கட்டையைத் தலைகீழா புடிச்சிருச்சாம், அதான் பேரு" என்றார்.

"அடடே!" ஒப்பந்தக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப விஷயம் முடிஞ்சுது. ஏம்மா, பழக்க தோஷமா? இன்னைக்கும் அப்படியே புடிச்சிட்டியா?"

சுற்றி நின்ற வேலையாட்கள் சிரித்தார்கள். வேடிக்கை பார்க்க விடுதி ஜன்னல்களில் கூடிய பிள்ளைகளும் சிரித்தார்கள். கண்ணாடிக்குக் கோபத்தில் மூக்கு சிவந்தது. தலைகீழ் சிரிக்கவும் இல்லை, குனியவும் இல்லை.

"ஆமா சார், புடிச்சேன். மூணு மணி நேரம் வெயில்ல நின்னு புடிச்சேன். குளத்தைக் குன்று மேல ஏத்தி வெச்சேன். முட்டை வாங்கினேன். அந்த நோட்டு இன்னும் என் பெட்டியில இருக்கு, பூட்டு போட்டு வெச்சிருக்கேன், வேணும்னா கொண்டுவந்து காட்டறேன். கட்டையைத் தலைகீழா புடிச்சா எண்ணெல்லாம் எப்படி இருக்கும்னு இந்தக் காலேஜ்ல என்னைவிட நல்லாத் தெரிஞ்ச ஆள் கிடையாது." இரண்டு நோட்டையும் துறைத்தலைவரிடம் நீட்டினாள். "கூட்டிப் பாருங்க சார்."

துறைத்தலைவர் உதடு அசையக் கூட்டினார். மூன்றாவது வரியில் நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். மிச்சத்தையும் கூட்டினார்.

"இந்த ரெண்டு நோட்டுல ஒண்ணு தலைகீழ்" என்றார் மெதுவாக.

"எதுன்னுதான் பேர்லயே இருக்கே!" என்றார் ஒப்பந்தக்காரர்.

மறுபடி சிரிப்பு. துறைத்தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் தர்மசங்கடம். கணக்கு அவ்வளவுதான் சொல்லும், இரண்டில் ஒன்று தப்பு என்று. எது தப்பு என்று ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமென்றால், ஒரு பக்கம் முப்பது வருஷ மேஸ்திரி, இன்னொரு பக்கம் பெஞ்சுக்கு அடியில் பேனா தேடினவள்.

"கட்டையைப் பாருங்க சார். எந்தப் பக்கம் சேறு?"

"லாரியில கிடந்தது, எங்கயாவது ஒட்டியிருக்கும்" என்றார் ஒப்பந்தக்காரர். "சார், மிக்ஸர் கிளம்பிடுச்சு. நின்னா உள்ளயே இறுகிப் போயிடும். ஒரு சின்னப் பொண்ணு சொல்லுச்சுன்னு வேலையை நிறுத்த முடியுமா? ஒரு தடவை அளக்கத் தெரியாதவ எப்பவும் தெரியாதவதான்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் தொண்டை முள் கழன்றது.

"சார்," என்றாள் அவள், ஒப்பந்தக்காரரைப் பார்த்தே. "என்னை நம்ப வேண்டாம். மேஸ்திரி அண்ணனையும் நம்ப வேண்டாம். நடுத் தொட்டியில ஒரு பீப்பாய் தண்ணி ஊத்துங்க. தண்ணிக்கு என் பேரும் தெரியாது, உங்க பேரும் தெரியாது. கால் மணி நேரம்தான் ஆகும்." துறைத்தலைவர் பக்கம் திரும்பினாள். "தெருப் பக்கம் போச்சுன்னா என் ப்ராஜெக்டுக்கு முட்டை போட்டுடுங்க சார். ஏற்கெனவே ஒண்ணு குடுத்திருக்கீங்க. ரெண்டையும் சேர்த்து அடைகாத்துக்கறேன்."

துறைத்தலைவர் முகத்தில் நாலு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒன்று வந்து போயிற்று. ஸ்டூல் மேல் நின்றபோது "சரிம்மா, எந்த ரூம்?" என்று கேட்ட முகம்.

"பீப்பாயைக் கொண்டாங்க" என்றார்.

கண்ணாடி மாடிக்கு ஓடித் துணிக்குப் போடுகிற நீலப் பாட்டிலை எடுத்து வந்தாள். குழாய்க்குள் பழைய தண்ணீர் கொஞ்சம் நின்றாலும் குழப்பம் வரக்கூடாதல்லவா. பீப்பாய்த் தண்ணீர் கருநீலமாயிற்று.

"யார் எங்க நிக்கறது?" என்றார் துறைத்தலைவர்.

"நான் தெருப் பக்கம் நிக்கறேன் சார். மேஸ்திரி அண்ணன் விடுதிப் பக்கம் நிக்கட்டும்."

"ஏன்டி?" கண்ணாடி அவள் காதைக் கடித்தாள். "தண்ணி அங்கதானே வரும்? நீ அங்க நின்னு கத்தவேண்டாமா?"

"நான் கத்தினா யாருடி நம்புவா? அவர் வாயால வரட்டும்."

அவள் தெருத் தொட்டிக்குள் இறங்கி, குழாயின் வாய்க்கு நேராகக் குந்தி உட்கார்ந்தாள். கழுத்துக்கு மேலேதான் வெளியே தெரிந்தது. அந்தப் பக்கம் மேஸ்திரி இறங்கினார். நடுவில் இரண்டு பேர் பீப்பாயைச் சாய்த்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் குழாய் வழியாக அவள் காதுக்கு ஓவென்று வந்தது.

கண்ணுகளா, ஜெயிப்பதற்காகக் காத்திருப்பது வேறு, எதுவுமே நடக்கக்கூடாது என்று காத்திருப்பது வேறு. அவளுக்கு முன்னால் வட்டமான இருட்டு. அதிலிருந்து ஒரு நீலச் சொட்டு வந்தால்கூடப் போதும், தோற்றாள். சத்தம் ஏதோ கிட்டே வருகிற மாதிரி இருந்தது. 'ஒருவேளை நான்தான் மறுபடியும்...' என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. காலேஜ் போன வருஷம் வாங்கின புதுக் கட்டைதான், எண் நேராகத்தான் இருந்தது, பூண் தரையில்தான் இருந்தது, இரண்டு தடவை பார்த்தேன், என்று அந்த நினைப்பின் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள். விரலைக் குழாயின் அடியில் வைத்துப் பார்த்தாள். காய்ந்த சிமென்ட் தூள். வழித்து வழித்துப் பார்த்தாள். தூள்தான்.

ஒப்பந்தக்காரரின் செல்போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. முதலில் ஒரு செருமல்.

"வந்துருச்சு."

"எது வந்துருச்சு?" என்று கத்தினார் ஒப்பந்தக்காரர்.

"நீலம்தாங்க. இங்கதான் வருது. என் கால் ரெண்டும் நனைஞ்சு போச்சு. அம்புட்டும் இங்கதான் வருது."

ஜன்னல்களில் ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், விடுதிக் கூரை தனியாகக் கழன்று போகாதது ஆச்சரியம். தலைகீழ் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். விரலில் ஒட்டின சிமென்ட் தூளை மூக்கில் தேய்த்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை.

ஒப்பந்தக்காரர் லாரிக்காரருக்குப் போன் போட்டு, கலவையை வேறு வேலைக்குத் திருப்பிவிடச் சொன்னார். போனைக் காதில் வைத்தபடியே நடந்து போய்விட்டார். மேஸ்திரிதான் சொட்டச் சொட்ட நீலக் காலோடு நடந்து வந்தார்.

"நான் என்னத்தைம்மா கண்டேன்? கட்டையில நம்பரு குப்புற இருந்துச்சு, புது மிஷின்லயும் குப்புறத்தான் தெரிஞ்சுது. எவனோ தூக்கத்துல எழுதியிருக்கான்னு நிமிர்த்திப் புடிக்கச் சொன்னேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "அண்ணே, வார்த்தைக்கு வார்த்தை நானும் அதேதான் சொன்னேன்."

"அப்ப இனிமே எனக்கும் அந்தப் பேருதானா?"

"அது எம் பேரு. யாருக்கும் தர்றதா இல்லை. நீங்க வேற பேரு தேடிக்குங்க."

"தேடவே வேண்டாம்" என்றாள் கண்ணாடி, அவர் காலைப் பார்த்து. "நீலக்காலர்!"

பிற்பகலில் துறைத்தலைவர் ப்ராஜெக்டில் கையெழுத்துப் போட அவளை அறைக்குக் கூப்பிட்டார். போட்டு முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்தக் கட்டையைக் குடுத்தனுப்பினது நான்தான்" என்றார். "பழசு, எண் தலைகீழா இருக்கும்னு சொல்லியனுப்பத் தோணலை. அது எல்லாருக்கும் தெரியும்னு நெனைச்சுட்டேன்."

"எல்லாருக்கும் தெரியாது சார்."

"தெரியாதுதான்." பேனாவை மேசையில் உருட்டியபடி, "அன்னைக்கு வகுப்புல நான் அப்படிச் சிரிக்க வெச்சிருக்கக் கூடாது" என்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். நல்ல ஜோக்குதான். எனக்கு ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வேணும்."

சாமான் அறைக்காரர் இன்னும் அங்கேதான் இருந்தார். அவள் கட்டையை மேசைமேல் கிடத்தி, பெயின்ட் டப்பாவைத் திறந்தபோது, "என்னம்மா இது, காலேஜ் சொத்து" என்று எழுந்து வந்தார்.

"தெரியாதவங்க வரக்கூடாதுன்னு சொன்னீங்களே அண்ணா, தெரியாதவங்கதான் இங்க வரணும். தெரிஞ்சவங்களுக்கு எதுக்குக் காலேஜு?"

சொல்லிக்கொண்டே மொட்டைப் பக்கத்தில், ஒரு முழ நீளத்துக்கு, கண் தெரியாதவரும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரித் தடிமனாக ஓர் அம்புக்குறி போட்டாள். 'இது மேல்' என்று எழுதினாள். திருப்பிப் பூண் பக்கத்தில் 'இது கீழ். எண்ணைப் பார்த்து ஏமாறாதே' என்று எழுதினாள்.

கண்ணாடி எட்டிப் பார்த்து, "கீழ பேரைப் போடலையா?" என்றாள்.

தூரிகையை மறுபடி டப்பாவில் முக்கி, நாலு வருஷம் தன்னைப் பார்த்து எல்லோரும் கத்தின அந்தப் பேரை, சின்ன எழுத்தில் இல்லை, அம்புக்குறியைவிடப் பெரிசாக அவள் எழுதினாள். பெயின்ட் காய்கிற வரைக்கும் யாரும் தொட்டுவிடாமல் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.